விளிம்பைத் தொட்டுப் போன பந்து

எந்த வீட்டுக்குள் போனாலும் அப்பாவின் கண் முதலில் தரைக்குத்தான் போகும். வரவேற்பவர் சிரித்து முடிப்பதற்குள், அந்தத் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று கணக்குப் போட்டிருப்பார். ஒரு தடவை துக்கம் கேட்கப் போன இடத்தில், "இவங்க கூடம் ஜன்னல் பக்கம் வாட்டமா இருக்கு" என்று மகளின் காதில் முணுமுணுத்து, அம்மாவிடம் முழங்கையால் இடி வாங்கினார்.

அவர் பெயின்ட் கம்பெனியில் கிடங்கு சூப்பர்வைசர். கோல்ஃபுக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மேனேஜரோடு ஞாயிறுதோறும் ஆடிக்கொண்டிருந்தவர் மாற்றலாகிப் போனதும், "சும்மா வாப்பா, கூட ஒரு ஆள் வேணும்" என்று மேனேஜர் இவரை இழுத்துக்கொண்டு போனார். பழைய மட்டைகளையும் அவரே கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் நடுவில் வீட்டின் நடைவழிதான் அப்பாவுக்கு மைதானம். வேலை விட்டு வந்ததும் கம்பளத்தை நீளமாக விரித்து, கோடியில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்து, பந்தைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்.

துணிக்கூடையோடு அம்மா வந்து நிற்பாள். "இந்த வீட்ல பந்து போக வழி இருக்கு, எனக்குத்தான் இல்ல. நானும் உருண்டே போறேன், தட்டி விடுங்க."

மகளும் அந்தக் கம்பளத்தில்தான் கற்றுக்கொண்டாள். கல்லூரிக்குப் போவதற்குள் பந்து அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. அப்பாவின் பேச்சைத்தான் கேட்கவில்லை. டம்ளரின் விளிம்பைத் தொட்டு வலப்பக்கம் நழுவிப் போகும். மறுபடி தட்டுவார். மறுபடி அதே விளிம்பு, அதே நழுவல். அவளுக்குப் பாவமாக இருக்கும்.

"கடைசியில மணிக்கட்டைத் திருப்பறீங்கப்பா. அதான் போகுது."

"அப்படியா கோச்?"

"எத்தனை தடவை சொல்றது? மண்டையில ஏறவே மாட்டேங்குது."

"வயசாச்சு கோச். மெதுவாத்தான் ஏறும்."

இருவரும் போட்டி போட்டால் பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

அவள் படிப்பை முடிக்கும் வருடம், மேனேஜர் மெம்பராக இருந்த கோல்ஃப் கிளப்பில் குடும்பப் போட்டி வைத்தார்கள். பெற்றோரில் ஒருவரும் பிள்ளையும் ஒரு ஜோடி. ஒரே பந்தை மாறி மாறி அடிக்க வேண்டும். ஜெயிக்கும் பிள்ளைக்கு கிளப்பிலேயே ஒரு வருடப் பயிற்சி. மெம்பர் அல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அந்த கேட்டைத் தாண்ட வேறு வழி இல்லை. குடும்பத்திலேயே முதல் டிகிரியை வாங்கப்போகிறவளுக்கு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. இது வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

கடைசிக் குழியில், அவர்களும் மேனேஜரும் அவர் மகனும் சமமாக நின்றார்கள். மேனேஜர் ஜோடி ஆடி முடித்துவிட்டது. மகள் தட்டிய பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. அப்பா உள்ளே தட்டினால் வெற்றி. விட்டால் சமம்; சமமானால் பரிசு மெம்பர் வீட்டுக்கு என்பது விதி.

அப்பா குனிந்தார். மேனேஜரை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தார். மட்டை நகர்ந்தது. மணிக்கட்டு லேசாகத் திரும்பியது. பந்து விளிம்பைத் தொட்டு, வலப்பக்கம் நழுவியது.

"அடடா! நூல்ல போச்சேப்பா!" மேனேஜர் அவர் தோளில் தட்டினார். முகமெல்லாம் மலர்ச்சி.

மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. தட்டத் தெரியாதவனின் பந்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போகும். அப்பாவின் பந்து வருடக்கணக்காக ஒரே பக்கம்தான் போனது. வீட்டில் அவர் பழகியதே இதைத்தான். அவள்தான் அதைத் திருத்தப் பார்த்திருக்கிறாள்.

மிச்ச தூரத்தை அவளே தட்டி முடித்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டியபோது, அம்மா ஆச்சரியப்படவில்லை.

"அந்த ஆளு ஒரு தடவை இவர்கிட்ட தோத்துட்டு மாசம் முழுக்க சிடுசிடுன்னு இருந்தாரு. கிடங்கையே வேற ஒருத்தன்கிட்ட குடுக்கப் பார்த்தாரு. அப்புறம்தான் இவரு இதைக் கத்துக்கிட்டாரு. ரொம்ப விட்டுக்குடுத்தா தெரிஞ்சுடுமாம். நூல்ல விடணுமாம்."

"உனக்கும் தெரியுமா?"

"நீ படிச்சு முடிக்கணும்ல?"

அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் எரிந்தது. பேர் கொடுக்கும்போதே வேண்டாம் என்றிருக்கலாமே. ஆசையை வளரவிட்டு, கடைசி ஒரு முழத்தில் எதற்குக் காலை வார வேண்டும்?

அப்பா வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இங்க நான் ஜெயிச்சதெல்லாம்?"

"அது நீயா ஜெயிச்சது கோச்."

"என்னை அப்படிக் கூப்பிடாதீங்க." கம்பளத்தை விரித்து, மட்டையை அவர் கையில் திணித்தாள். "ஒரே ஒரு ஆட்டம். நிஜமா ஆடுங்க. முடிஞ்சா என்னைத் தோக்கடிங்க."

அவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டார். "இன்னிக்கு வேணாம்மா. ஆடறேன். கண்டிப்பா ஆடறேன்."

அவள் வேலைக்குப் போய்விட்டாள். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மேனேஜர் எங்கேயோ போய்விட்டார். விட்டுக்கொடுக்க இப்போது ஆளே இல்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் கேட்கிறாள். முதுகு பிடித்திருக்கிறது என்பார், வெளிச்சம் போதாது என்பார். நேராகத் தட்டுவது அவருக்கே மறந்துவிட்டதோ என்று அவள் சில நாள் நினைக்கிறாள். தான் ஜெயித்ததெல்லாம் அவர் விட்டுக்கொடுத்ததுதான், அதைச் சொல்ல மனம் வராமல்தான் தள்ளிப்போடுகிறாரோ என்று சில நாள்.

"அடுத்த தடவை வா, ஆடிடலாம்" என்கிறார் அப்பா. அந்த ஒரு ஆட்டம் இன்னும் பாக்கி.