பதினேழாம் நம்பர் மெஷினின் நிழல்

1. பதினொரு மணிக்குப் போன தப்பு

ஆனி மாசம். காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. எங்க சைட்டுல கரண்ட் எடுக்கிற இருபத்திரண்டு காத்தாடியும் ஓடிக்கிட்டிருந்தது. எங்க தொழில்ல நாலு மாசம்தான் சீசன். குற்றாலத்துல தண்ணி விழுற நாளு லாட்ஜ்காரங்களுக்கு எப்படியோ, செங்கோட்டைக் கணவாய் வழியா காத்து இறங்குற நாளு எங்களுக்கு அப்படி. அந்த நாள்ல ஒரு மெஷின், அதான் காத்தாடி, சும்மா நின்னா எனக்கு வயித்தெரிச்சல் தாங்காது. நான் அங்க சைட் இன்சார்ஜ். கொஞ்சம் முன்கோபி. கூட வேலை பார்த்தவங்ககிட்ட கேட்டா, "கொஞ்சமா?"ன்னு சிரிப்பாங்க.

கன்ட்ரோல் ரூம் போன் அடிச்சது. எடுத்தா ஒரு பொம்பளக் குரல். "சார், ஒங்க காத்தாடி என் வீட்டுக்குள்ள வந்துட்டு சார்."

பிளேடு முறிஞ்சு விழுந்துட்டோன்னு நினைச்சுட்டேன்.

"எந்த ஏரியாம்மா? யாருக்கும் அடி பட்டிருக்கா?"

"அடி ஒண்ணும் இல்ல சார். நெழலு. சாயங்காலம் ஆனா நெழலு வந்து வந்து போவுது. ஒரு வேலை பாக்க முடியல."

நிழலாம்! உசுரு திரும்பி வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது. "சரி, வந்து பாக்கேன்"னு போனை வச்சேன்.

மறுநாள் காலையில பதினொரு மணிக்குப் போனேன். குத்துக்கல்வலசை தாண்டி புதுசா பிளாட் போட்ட இடம். கடைசி வீடு. மேற்கே, கொஞ்சம் வடக்கே தள்ளி, முந்நூறு மீட்டர்ல எங்க பதினேழாம் நம்பர் மெஷின். வீட்டுக்காரி பேரு இசக்கியம்மாள். நாப்பது வயசு இருக்கும். மூணு மணி வரைக்கும் தென்காசியில ஒரு ஜவுளிக்கடையில ஆல்ட்ரேஷன் தையல். வீட்டுக்கு வந்து ஆரி ஒர்க். கல்யாணப் பொண்ணுங்க ஜாக்கெட்டுல ஜரிகையும் மணியும் வச்சுத் தைப்பாங்களே, அது. அன்னைக்கு எனக்காக லீவு போட்டுட்டு இருந்திச்சு.

உள்ளே பார்த்தேன். நல்ல வெளிச்சம். நிழலும் இல்ல, ஒண்ணும் இல்ல.

"எங்கம்மா நெழலு?"

"இப்ப வராது சார். சாயங்காலம் அஞ்சே காலுக்கு மேலதான் வரும். நேத்தே போன்ல சொன்னனே."

"சாயங்காலம் எனக்கு வேற வேலை இருக்கு. மெஷின் இங்கன நின்னு பதினோரு வருஷம் ஆச்சு. நீங்க வீடு கட்டி எத்தனை மாசம்?"

"நாலு மாசம்."

"அப்போ யாரு யாருகிட்ட வந்தது?"

அது உள்ளே போச்சு. ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வச்சது. நான் குடிச்சிட்டு வந்து கம்ப்ளைன்ட் ரிஜிஸ்டர்ல எழுதினேன்: 'சைட் விசிட் முடிந்தது. நிழல் காணப்படவில்லை. கம்ப்ளைன்ட் நாட் ஜெனுவின். குளோஸ்டு.' மோர் குடிச்ச வாய் காயுறதுக்குள்ள எழுதின எழுத்து அது.

ஏன் அப்படி நடந்துக்கிட்டேன்னு சொல்லணும். தென்காசியில எந்த டீக்கடையில உக்காந்தாலும் காத்தாடியைப் பத்தி ரெண்டு கட்சி உண்டு. "இந்தக் காத்தாடிதான் மேகத்தை விரட்டுது, சாரலு கொறஞ்சதே இதாலதான்"னு ஒரு கட்சி. "காத்து நின்னா என்ன செய்வீய? மறுபடியும் கரியத்தான எரிக்கணும்"னு இன்னொரு கட்சி. நான் ரெண்டு கட்சியோடயும் மல்லுக்கு நிப்பேன். காத்தாடியைக் குத்தம் சொன்னா என்னைச் சொன்ன மாதிரி. இப்படிச் சண்டை போட்டுப் போட்டு, நியாயமா ஒருத்தி சொன்னதும் எனக்கு அதே டீக்கடைப் பேச்சாத்தான் கேட்டது.

2. ஊசி

பத்து நாள் கழிச்சு சைட் வாசல்ல ஒரு ஆட்டோ நின்னது. இசக்கியம்மாள் இறங்கி வந்தது. இடது கையில நடுவிரல்ல கட்டு. நேரா வந்து என் மேசையில ஒரு ஜாக்கெட் துணியை விரிச்சது. மெரூன் பட்டு. அதுல ஒரு மயில், பாதி தைச்சது. அதுக்குப் பக்கத்துல ரத்தக்கறை.

"ஆரி ஊசி நுனியில கொக்கி இருக்கும் சார். குத்துனா சும்மா வெளிய வராது. டாக்டர் கீறித்தான் எடுத்தாரு. இந்தப் பொண்ணுக்கு ஆவணி முதல் முகூர்த்தம். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"லைட்டைப் போட்டுட்டு ஜன்னலை மூடித் தைக்கலாம்ல?" என் வாய் சும்மா இருக்காது.

"டியூப்லைட்டுல ஜரிகைக் கலரு தெரியாது சார். பகல் வெளிச்சம் வேணும். அதுக்குன்னுதான் மேக்க பாத்து அவ்வளவு பெரிய ஜன்னல் வச்சேன். கடை வேலைய விட்டுட்டு இதையே முழுநேரமா பாக்கணும்னு வீட்டையே அதுக்குத் தோதா கட்டுனேன். நான் எடம் பாக்க வந்தது போன வருசம் தை மாசம். அப்போ ஒங்க காத்தாடி அசையாம நின்னுச்சு. சூரியனும் அந்தப் பக்கம் விழல. எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தையில காத்து கிடையாது, சூரியன் தென்மேற்கே இறங்கும். ஆனியில சூரியன் வடக்கே தள்ளி இறங்கும், காத்தும் மேற்கே இருந்து வரும், பிளேடு மூணும் வெயிலைப் பார்த்து நிக்கும். முழு வட்டமும் அந்த வீட்டு மேலதான் விழும். இருபது வருஷமா காத்து எந்தப் பக்கம்னு பார்த்தவன், நிழல் எந்தப் பக்கம்னு ஒரு நாளும் பார்க்கல.

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு வாங்க. வந்து உக்காந்து ஒரு சாதா ஊசியில நூலு கோத்துக் காட்டுங்க. கோத்துட்டா நான் இனி போனே பண்ண மாட்டேன்"னு சொல்லிட்டுப் போயிட்டு.

போனேன். ஜன்னல் பக்கத்துல, துணியை இழுத்துக் கட்டித் தைக்கிற ஸ்டாண்டு முன்னால என்னை உக்கார வச்சு ஊசியும் நூலும் கையில கொடுத்தது. அஞ்சு பதினெட்டுக்கு ஆரம்பிச்சது பாருங்க. வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு. செகண்டுக்கு ஒரு தடவை. சுவர், தரை, என் கை, எல்லாம் போய்ப் போய் வருது. ஊசிக் காது தெரியும்போது நூலு தெரியல, நூலு தெரியும்போது காதைக் காணோம். கண்ணை மூடினாலும் இமைக்குள்ள அடிக்குது. எண்பது மீட்டர் டவர் ஏறுறப்போ ஒரு நாளும் சுத்தாத தலை அங்கன சுத்திட்டு. பத்தே நிமிஷத்துல வாந்தி வர மாதிரி இருந்தது.

"முடியலம்மா"ன்னு ஊசியைக் கொடுத்துட்டேன்.

"எனக்கு நெதமும் இருபத்தஞ்சு நிமிஷம் இப்படித்தான் அண்ணாச்சி"ன்னுச்சு. சார் போய் அண்ணாச்சி ஆயிட்டேன். எனக்கு வெக்கமா போச்சு. நெசமாவே வெக்கம்.

3. போன்ல வாற குரல்

எங்க மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். தங்கமான மனுஷன், ஆனா ஜெனரேஷன்னு, அதான் கரண்ட் உற்பத்தின்னு வந்துட்டா கறார். அவர் கன்ட்ரோல் ரூமுக்கு வந்திருந்தப்போ விஷயத்தைச் சொல்லி, நிழல் விழுற நேரம் மட்டும் பதினேழை நிறுத்துவோம்னேன்.

"என்னங்க நீங்க, சீசன்ல ஓடுற மெஷினை நிறுத்தச் சொல்றீங்க? கர்ட்டன் வாங்கிக் குடுத்துரலாமுங்க."

"கர்ட்டன் போட்டா வெளிச்சம் போயிரும் சார்."

"ஒரு வீட்டுக்கு நிறுத்தினா நாளைக்கு ஊரே வந்து நிக்குமுங்க."

"ஊரு மேல நிழல் விழலியே சார். நிழல் விழுற வீட்டுக்குத்தான் நிறுத்தணும்."

அவர் சம்மதிக்கல. அப்போ எதிர்பாராம ஒரு உதவி வந்தது. சப்ஸ்டேஷன்ல இருந்து போன். மேனேஜர்தான் எடுத்தார். "கிரிட்ல லோடு இல்ல. எட்டு மெஷினை மூணு மணி நேரம் பேக்-டவுன் பண்ணுங்க." கரண்ட் வேண்டாம், நிறுத்துங்கன்னு அர்த்தம். காத்து நல்லா அடிக்கிற நாள்ல இது அடிக்கடி வரும். காத்தாடியை வேண்டாம்னு சொல்றவங்களுக்கு இது ஒரு நல்ல பாயின்ட். 'வேணுங்கிற நேரம் தர மாட்டீய, வேண்டாத நேரம் கொட்டுவீய'ம்பாங்க. எனக்கும் ஒவ்வொரு தடவையும் பத்திக்கிட்டு வரும். அன்னைக்கும் வந்தது. ஆனா எட்டு மெஷினையும் நிறுத்தி முடிச்சப்போ வேற ஒண்ணு தோணிட்டு.

"சார், இப்போ போன்ல பேசினது யாரு?"

"தெரியலீங்க. டியூட்டில இருக்கிறவரு."

"முகம் தெரியாத ஒரு குரல் சொல்லிச்சு, மூணு மணி நேரம் எட்டு மெஷினை நிறுத்துதோம். ரத்தத் துணியோட ஒருத்தி நேர்ல வந்து நிக்கா. அவளுக்காக ஒரே ஒரு மெஷினை இருபத்தஞ்சு நிமிஷம் நிறுத்த மாட்டோமா?"

சத்தமாத்தான் கேட்டுட்டேன். கன்ட்ரோல் ரூம்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. நான் அந்த வீட்டுல செல்போன்ல எடுத்த வீடியோவைப் போட்டு மேனேஜர் கையில கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட முழுசாப் பார்த்திருக்க மாட்டார், கண்ணைக் கசக்கிட்டார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. தலை சுத்துதுங்க."

"எதை சார்? வீடியோவையா, மெஷினையா?"

"ரெண்டையும்தானுங்க"ன்னு சிரிச்சுட்டார். மேல ஆபீசுக்கு அவரே மெயில் எழுதி பெர்மிஷன் வாங்கினார்.

4. அட்டவணை

அந்த மெஷின் கன்ட்ரோலர் பழசு. நேரத்தை செட் பண்ணினா தானா நிக்கிற வசதி அதுல இல்ல. தினமும் கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர்ல, ஸ்கேடாம்போம் அதை, நாங்கதான் நிறுத்தணும். கூடவும் நிறுத்தக் கூடாது, குறைவாவும் நிறுத்தக் கூடாது. இசக்கியம்மாள் ஆர்டர் நோட்டோட கடைசிப் பக்கத்துல கோடு போட்டு, தினமும் நிழல் வந்த நேரமும் போன நேரமும் எழுதி வச்சது. அஞ்சு பதினாறு, அஞ்சு நாப்பது. மறுநாள் ஒரு நிமிஷம் தள்ளி. அதை வச்சு நான் ஒரு அட்டவணை போட்டேன். நிழல் ஆடி முதல் வாரத்தோட நின்னது; சூரியன் போன வழியே திரும்புறதால அடுத்த வருஷம் வைகாசி முதல் வாரத்துல தொடங்கும்னு கணக்கு. அந்த வருஷம் மயில் ஜாக்கெட் ஆவணிக்கு முன்னாலயே டெலிவரி ஆயிட்டு. கறை பட்ட இடத்துல ஒரு பூ வச்சு மறைச்சுட்டேன்னு சொன்னது.

அடுத்த வைகாசியில அட்டவணையை எடுத்து மறுபடியும் ஆரம்பிச்சோம். ஒரு நாள் அஞ்சு மணிக்கு போன். இசக்கியம்மாள். எனக்கு உடனே சுருக்குன்னு ஆயிட்டு. இவ்வளவு செஞ்சும் இன்னும் என்ன குறைன்னு குரலை உயர்த்தியே கேட்டுட்டேன்.

"என்னம்மா? இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. நிறுத்திருவோம்."

"அதுக்குத்தான் பண்ணுதேன் அண்ணாச்சி. ஐந்தருவிப் பக்கம் கறுத்துட்டு வருது. இங்கன சாரல் விழ ஆரம்பிச்சுட்டு. வெயிலே கெடையாது. வெயிலு இல்லைன்னா நெழலு ஏது? இன்னைக்கு நிறுத்தாதீய. காத்து நல்லா அடிக்கி, வீணாப் போவுதுல்லா. ஓட்டுங்க."

காத்து வீணாப் போகுதேன்னு வயித்தெரிச்சல் படுறவன் நான் ஒருத்தன்தான்னு இருபது வருஷமா நினைச்சிருந்தேன்.

"சரிம்மா. ஓட்டுதேன்"னு மட்டும் சொன்னேன். பதினேழு ஓடிச்சு. அன்னைக்கு ரிஜிஸ்டரைத் தேடி எடுத்து, 'நாட் ஜெனுவின்'ங்கிறதை அடிச்சிட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போட்டேன்.

அதுக்கப்புறம் சீசன்ல வானம் மூடின நாள்ல எல்லாம் அந்த போன் வரும். இப்போ இசக்கியம்மாள் ஜவுளிக்கடை வேலையை விட்டாச்சு. அந்த ஜன்னல் பக்கத்துல மூணு ஸ்டாண்டு, ரெண்டு பொண்ணுங்க வேலை பாக்காங்க.

இந்த வேலைக்குப் புதுசா வாறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். காத்துல கரண்ட் எடுக்கிறது நல்ல வேலை. அதை இன்னும் நான் நெஞ்சைத் தட்டிச் சொல்லுவேன். ஆனா நல்ல வேலைக்கும் நிழல் விழும், அது எங்கயோ ஒரு வீட்டுலதான் விழும். கம்ப்ளைன்ட் வந்தா, அவங்க சொல்ற நேரத்துக்குப் போங்க. உங்களுக்குத் தோதான நேரத்துக்குப் போகாதீங்க.

ரிட்டயர் ஆன அன்னைக்குப் புது இன்சார்ஜ்கிட்ட சாவிக்கொத்தும் அந்த அட்டவணையும் கொடுத்தேன். ஒரு போன் நம்பரும் கொடுத்தேன். 'பதினேழு வெயில்'னு சேவ் பண்ணிக்கிடுங்கன்னு சொன்னேன். அவர் புரியாம பார்த்தார். "அந்த நம்பர்ல இருந்து போன் வந்தா கோபப்படாம எடுங்க. மெஷினை ஓட்டச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க"ன்னேன்.