மிச்சத்திலிருந்து கடலுக்கடிக்கு

என் கணவருக்கு நீந்தத் தெரியாது. கடற்கரைக்குச் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் நனைந்தவர் இல்லை. அப்படிப்பட்டவருக்குத்தான் கடலுக்கடியில் போகும் ஆசை வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் குடியேறிய மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில் எங்களுக்குப் பாலும் பேப்பரும் விற்கும் ஒரு மூலைக்கடை இருந்தது. திறந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. கிறிஸ்மஸ் அன்றும் யாராவது பால் கேட்டு வருவார்கள் என்று பாதிக் கதவைத் திறந்து வைப்போம்.

காலையில் பேப்பர் வாங்க வருபவர்களில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். மேற்கிந்தியர், டொபாகோ தீவுக்காரர். என் கணவரும் அவரும் கிரிக்கெட் பற்றிச் சண்டை பிடிக்காத நாள் கிடையாது. மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அவர் குடையை உதறிக்கொண்டு சொன்னார்: "ஒருமுறை எங்கள் தீவுக்குப் போய் வா. என் அக்கா அறை வாடகைக்கு விடுகிறாள். அந்தத் தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து என்னோடு பேசு."

அவர் குளிப்பதைத்தான் சொல்லியிருப்பார். என் கணவரோ அன்று மத்தியானமே பயண முகவர் கடைக்குப் போய், கை கொள்ளாத அளவு விளம்பரப் புத்தகங்களோடு வந்தார். ஒன்றின் அட்டையில், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு ஒருவன் மீனுக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தான்.

"இஞ்சேர், நான் உதைத்தான் செய்யப் போறன்."

"எதை?"

"உந்த மீனுக்குப் பக்கத்தில நிக்கிற வேலையை."

கடல் அவர் பொறுப்பு என்றும், தங்குவதும் சாப்பாடும் என் பொறுப்பு என்றும் பிரித்துக்கொண்டோம். எனக்குத் தெரிந்த கவலை ஒன்றுதான்: சோறு கிடைக்குமா? கிடைக்காது என்று நானே முடிவுகட்டி, ரைஸ் குக்கர், மிளகாய்த்தூள், தகரத்தில் அடைத்த ரின் மீன் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்தேன்.

அவர் பார்த்துவிட்டு, "நான் மீன் பாக்கக் கடலுக்குள்ள போறன். நீர் மீனை ரின்னுக்குள்ள வச்சுக் கொண்டு வாறீரே?" என்றார்.

கடைசியில் கண்டக்டரின் அக்காவுக்கே போன் எடுத்தேன். என்ன சமைப்பீர்கள் என்று கேட்டேன். "நண்டுக் கறி" என்றார். எனக்குத்தான் ஆங்கிலம் பிழைத்துவிட்டது என்று நினைத்து மறுபடி கேட்டேன். நண்டேதான், கறியேதான். தேங்காய்ப்பால் விட்டு, தூள் போட்டு, மாவுருண்டைகளோடு பரிமாறுவாராம். முருங்கையிலை போடுவதில்லையா என்று கேட்டேன். அது என்ன இலை என்று அவர் கேட்டார். நான் விளக்கி முடிப்பதற்குள் கல்லாவுக்கு முன்னால் வரிசை கதவுவரை போய்விட்டது. என் கணவர் கைகளை ஆட்டி ஏதோ சாடை காட்டினார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்ற இரண்டு கேள்விகளும் அந்த ஒரு நண்டில் தீர்ந்தன.

இனிக் கடல். அவர் ஊர்க் கவுன்சிலின் நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தார். தண்ணீருக்குள் போட்டுக்கொள்ளும் கண்ணாடி முகமூடி ஒன்றும் வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு குளியல் தொட்டியில் தலையை அமிழ்த்திக் கிடப்பார். பிறகு அதற்கு வேறொரு பயனைக் கண்டுபிடித்தார். அதைப் போட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டினால் ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து கத்தியைத் தொடாத மனுசன் ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காயம் வெட்டத் தொடங்கினார்.

அப்படி ஒரு ஞாயிறு அழைப்பு மணி அடித்தது. ரெய்னர்ஸ் லேன் என்ற இடத்திலிருந்து அவருடைய சித்தப்பா, மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்திருந்தார். இவர் முகமூடியும் கத்தியுமாகவே போய்க் கதவைத் திறந்தார். சித்தப்பா குங்குமச் சிமிழைப் போட்டுவிட்டுப் வாசல் படலைவரை பின்புறமாகவே நடந்து போய்விட்டார். உள்ளே கூட்டிவந்து தேத்தண்ணி கொடுத்து விசயத்தைச் சொன்னோம்.

"கடலுக்குள்ள என்னத்தைத் துலைச்சனி, தேடப் போறாய்?" என்றார் சித்தப்பா.

"சும்மா பாக்கத்தான், சித்தப்பா."

"சும்மா பாக்கிறதுக்கு மேலயிருந்து பார். கடல் எங்கயும் ஓடாது." என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீயாவது சொல்லக் கூடாதே?"

"நான் நண்டுக்குப் போறன், மாமா" என்றேன்.

சில மாதங்களில் அவர் ஒருவாறு நீந்தினார். தண்ணீரோடு மல்லுக்கட்டுவது போலத்தான் இருக்கும், ஆனால் முன்னுக்குப் போனார். அடுத்து, அதே குளத்தில் சிலிண்டர் கட்டி மூழ்கிப் பார்க்கும் பயிற்சி. நான் கரையில் வாங்குப் பலகையில் இருந்து பார்த்தேன். இவர் மூழ்கினார். உடனே பயிற்சியாளர் இவரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். திரும்ப மூழ்கினார்கள். திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாவது முறை இவர் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டு என் பக்கம் திரும்பிக் கத்தினார்: "நல்லா இருக்கிறன் எண்டு பெருவிரலைக் காட்டுறன், இந்த மனுசன் ஏனப்பா என்னை இழுத்துக்கொண்டு வாறான்?"

தண்ணீருக்கடியில் பெருவிரலை உயர்த்தினால் 'என்னை மேலே கொண்டு போ' என்று அர்த்தமாம். சரி என்று சொல்ல விரலை வளையமாகப் பிடிக்க வேண்டுமாம். பயிற்சியாளர் அதை விளக்கி, "விளங்கியதா?" என்று கேட்டார். இவர் நம் வழக்கப்படி தலையை இரு பக்கமும் ஆட்டினார். விளங்கவில்லை போலிருக்கிறது என்று அந்த மனிதர் முதலிலிருந்து தொடங்கினார்.

கடையை என் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். நண்டுக் கறி சொன்னபடியே இருந்தது. இரண்டு கையிலும் முழங்கைவரை வழிய வழியச் சாப்பிட்டோம். அடுத்த நாள் காலை படகு. நானும் கூடப் போனேன். மூழ்கக் கூட்டிப்போகும் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். இறங்குவதற்கு முன் இவர், முகமூடி போட வேண்டும் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்திருந்தார். கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பவரே அவருக்குத் தெரியாது. இத்தனை மாத ஆயத்தத்தில் அதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூப்பிடலாம் என்று பார்த்தால் குமிழிகள் மட்டும்தான் இருந்தன.

நான் கண்ணாடியைப் பிடித்தபடி எனக்குத் தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டேன். அவர் மேலே வந்தபோது முகம் முழுவதும் சிரிப்பு. படகில் ஏறி இருந்தும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

"மீன் தெரிஞ்சதோ?" என்று கேட்டேன்.

"எங்க தெரியிறது? மஞ்சளாயும் நீலமாயும் ஏதோ கலங்கலாய்ப் போச்சுது."

"அப்ப என்னத்துக்கு உந்தச் சிரிப்பு?"

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "அங்க ஒருத்தரும் கதைக்கேல்லையப்பா. பால் இருக்கோ, பேப்பர் வந்ததோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

அடுத்த நாளும் போனார். நான் படகுக்குப் போகாமல் வீட்டுக்கார அம்மாவோடு நண்டு வாங்கச் சந்தைக்குப் போனேன்.