விட்டுப்போன இரண்டு வசனங்கள்

என் அம்மா பியோன் ஓக்-சூன், புதிய ஏற்பாடு முழுவதையும் கையால் எழுதி முடித்தபோது அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. தொங்யோங் துறைமுகச் சந்தையில், நெத்திலிக் கருவாட்டுப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஆள் வராத நேரமெல்லாம் எழுதினாள். பத்து மாதம் ஆனது. சபையில் பெண்களுக்குக் கிடைக்கும் பெரிய பொறுப்பு குவோன்சா. அதை ஏற்கப்போகிறவர்கள் இப்படி எழுதிப் பீடத்தில் வைக்க வேண்டும் என்பது எங்கள் போதகரின் ஏற்பாடு. போன முறை நான்கு ஓட்டில் அம்மாவுக்கு அது தவறியது. இந்த முறை தேர்வாகிவிட்டாள். பட்டுடைகூடத் தைத்து வந்துவிட்டது.

வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால் பிழை பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. பதவியேற்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, கடையிலேயே உட்கார்ந்து மத்தேயுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் அதிகாரத்தில் இருபத்திரண்டாம் வசனத்துக்கு அடுத்து இருபத்தைந்து இருந்தது.

"அம்மா, ரெண்டு வசனத்த விட்டுட்ட."

"தூக்கக் கலக்கத்துல எழுதிருப்பேன். ஓரத்துல எழுதிட்டாப் போச்சு. படி."

படித்தேன். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், நம்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு சமாதானமாக வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

அம்மா பேனாவை மூடினாள். எதிர்க்கடையைப் பார்த்தாள். அங்கே ஷட்டர் இறங்கியிருந்தது.

எதிர்க்கடை தே புன்-நியோவுடையது. கடற்பாசி விற்பவர், அம்மாவைவிட நான்கு வயது மூத்தவர். இருபது வருடம் அம்மா அவரை 'அக்கா' என்றுதான் அழைத்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் அவர் கடைத் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் எங்கள் பெட்டிகள்மேல் கொட்டியது. "ஏ அஜும்மா! கண்ணு தெரியலையா?" என்று சந்தையே கேட்கும்படி அம்மா கத்தினாள். அஜும்மா என்பது பேருந்தில் இடித்துக்கொண்டு போகும், பேர் தெரியாத பெண்ணைக் கூப்பிடும் சொல். வேறு எப்படித் திட்டியிருந்தாலும் மறுநாள் ஒரு கிண்ணம் சூப்பில் சரியாகியிருக்கும். இந்தச் சொல் இருபது வருடத்தையும் இல்லையென்று ஆக்கிவிட்டது. புன்-நியோ பேச்சை நிறுத்தினார். அம்மா வரும் ஆராதனையை விட்டு அடுத்த ஆராதனைக்கு மாறினார். கடைசியில் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அம்மாவின் கை அந்த இரண்டு வசனங்களை மட்டும் எப்படித் தாண்டியது? நான் கேட்கவில்லை. பிழையைச் சொன்னபோது என் குரலில் குத்தல் இருந்ததோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அம்மா பக்கத்துக் கடையில் விசாரித்தாள். புன்-நியோ குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போடுவதற்காகத் தீவிலுள்ள தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். அன்று காற்று அதிகம், கப்பல் ஓடவில்லை.

"நாளைக்குப் பத்தரைக் கப்பல்ல போறேன்" என்றாள் அம்மா.

"மூணு மணிக்குப் பதவியேற்பும்மா. திரும்பற கப்பல் நாலு மணிக்குத்தான்."

"தெரியும்."

"திங்கக்கிழமை போயேன்."

"'காணிக்கைய வச்சிட்டுப் போ'ன்னு இருக்கா, 'விருந்து சாப்ட்டுட்டுத் திங்கக்கிழமை போ'ன்னு இருக்கா? நீதானடி படிச்ச, பட்டதாரி!"

"ஃபோன் பண்ணிச் சொல்லலாமே?"

"ஃபோன்லயா கத்துனேன்? நாலு பேரு முன்னாடில்ல கத்துனேன்."

செய்தி கேட்டு சபை மூப்பர் பதறிப்போய்க் கூப்பிட்டார். "அடுத்த பதவியேற்புக்கு நாலு வருஷம் ஆகுமே, யோசிச்சீங்களா?"

"நாலு வருஷத்துல ஆண்டவர் எங்கயும் போயிடமாட்டார், மூப்பரே."

ஞாயிறு விடியற்கால ஜெபத்துக்குப் போனபோதே எழுதிய தாள்களைக் கட்டாகக் கட்டிப் பீடத்தின்மேல் வைத்துவிட்டாள். ஐந்தாம் அதிகாரத் தாளை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். கப்பலில் நிம்மதியாகத் தூங்கினாள். அவளுக்கும் சேர்த்து நான் கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன்.

தம்பி வீட்டு முற்றத்தில் ஆறு பெண்கள், முழங்கை வரை மிளகாய்ச் சிவப்போடு, முட்டைக்கோஸுக்குக் காரம் தடவிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசலில் நின்றே சொன்னாள்.

"அக்கா! அன்னைக்கு உங்கள அஜும்மான்னு கூப்ட்டேன். சந்தையே கேட்டுச்சு. இங்க இருக்கறவங்களும் கேளுங்க, அது என் தப்பு."

புன்-நியோ நிமிரவில்லை. "யாரும்மா நீங்க? கருவாடு விக்க வந்தீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அம்மா நகரவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்க்கா."

"மூணு வருஷமா கப்பல் ஓடலையோ?"

"ஓடுச்சு. எனக்குத்தான் கால் வரல."

"எனக்குப் பேரன் பொறந்தான். எதுத்த கடைலேருந்து ஒரு வார்த்த வரும்னு பாத்துட்டே இருந்தேன், தெரியுமா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. புன்-நியோ இன்னும் இரண்டு முட்டைக்கோஸுக்குக் காரம் தடவி முடித்தார்.

"இன்னைக்குத்தான உனக்குப் பதவியேற்பு?"

"ஆமாக்கா. மூணு மணிக்கு."

"கப்பல் நாலு மணிக்குல்ல?"

"தெரியும்க்கா."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"பைத்தியக்காரி. கையுறைய மாட்டு. சும்மா நிக்கறவளுக்கு இங்க சோறு கெடையாது."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கையைக் கழுவி, தாளை எடுத்து, திண்ணையில் வைத்து ஓரத்தில் அந்த இரண்டு வசனங்களையும் எழுதினாள். புன்-நியோ தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "இதுல என் பேரு எங்க இருக்கு?" என்று விரலை வைத்தார். மிளகாய்க் கறை பதிந்துவிட்டது. வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம் என்றேன். வேண்டாம் என்றாள் அம்மா.

திரும்பவும் வேலைக்கு உட்கார்ந்தோம். புன்-நியோ ஒரு தளிர் முட்டைக்கோஸ் இலையில் சிப்பி இறைச்சியை வைத்துச் சுருட்டி அம்மாவின் வாயில் திணித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாகியிருந்தது. சபையில் இந்நேரம் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார்கள்.

அவர் எழுந்தார். மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, போதகரைப் போலத் தொண்டையைச் செருமினார்.

"பியோன் ஓக்-சூன்!"

அம்மா வாய் நிறைய மென்றபடி, சிவந்த கையுறையோடு கையைத் தூக்கினாள்.

"இருக்கேன்க்கா!"