மூன்றாவது கூப்பாடு

பச்சை முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டு, கோயில் தூணைப் பார்த்து ஓர் உறுமல் உறுமுகிறார் ஹம்ஃப்ரி டக்கெட். மேலே இருக்கிற புறாக்கள் பறந்தால் தொண்டை சரி என்று கணக்கு. இன்று ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த மாதா கோயிலுக்குள்ளேயே கூடும் பிஷப்பின் கோர்ட்டில் ஆள் கூப்பிடுவது இருபத்திரண்டு வருஷமாக அவர் உத்தியோகம். கல்யாண வழக்கென்றால் பேரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். அதற்குள் வராதவர் தோற்றார். ஹம்ஃப்ரி கூப்பிட்டு வராத ஆளே கிடையாது.

"பீப்பாய்க்குள்ள ஒளிஞ்சிருந்தவனே வந்திருக்கான். செத்துட்டான்னு பொண்டாட்டி பூசை வெச்சு முடிச்சவன் ஒருத்தன், அவனும் வந்தான். அவளுக்குத்தான் இன்னும் என் மேல கோபம்" என்பார். வீட்டில் மட்டும் அந்தக் குரல் எழும்பாது. உப்பு வேண்டுமென்றால்கூட மனைவி மார்ஜரியிடம் சைகைதான்.

இன்றைய வழக்கு ராஜாவுடையது. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு, ராணி ஓடிலியா தனக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை என்று அவருக்கு ஞானம் பிறந்திருக்கிறது. பக்கத்து நாட்டு இளவரசி வந்திறங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. மதியம் வரச்சொல்லி ராணிக்குக் கடிதம் அனுப்பிவிட்டு, காலையிலேயே கோர்ட்டைக் கூட்டிவிட்டார்கள். அந்த அம்மாள் எதிர்த்தெரு மடத்தில் தலை வாரிக்கொண்டிருக்கிறார், பாவம்.

ராஜாவின் வக்கீல் லாம்பெர்ட் ஹம்ஃப்ரியை ஓரங்கட்டினார்.

"ஓய், இன்னிக்கு மெதுவாக் கூப்பிட்டாப் போதும். பிஷப் தூங்குறார் பாரும்."

"கவலைப்படாதீங்க ஐயா, நான் எழுப்பிவிடுறேன்."

"யோவ், அதைத்தான் வேண்டாங்கிறேன்! மடம் வரைக்கும் கேட்டுச்சோ, நாளையிலேருந்து உமக்கு வேலை கிடையாது."

ஹம்ஃப்ரி தன் இடத்துக்குப் போய் நின்றார். "ராணி ஓடிலியா, கோர்ட்டுக்கு வாங்க" என்று முதல் தடவை முனகினார். முன்வரிசை குமாஸ்தாவுக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை இன்னும் மோசம். ராஜா மீசையை நீவிக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து மீன்காரி ஒருத்தி எழுந்தாள். "என்னய்யா டக்கெட்டு, இதுக்குத்தானா கூடையைப் போட்டுட்டு ஓடியாந்தேன்? என் வீட்டுக் கோழி இதைவிட நல்லாக் கூப்பிடும்!"

கோர்ட்டே சிரித்தது. ஹம்ஃப்ரிக்குக் காது சிவந்துவிட்டது. வேலை போனால் மார்ஜரி சும்மா விடமாட்டாள். அதைவிடப் பெரிய பயம் அவருக்கு வேறு கிடையாது.

ஆனாலும், அவர் கூப்பிட்டு வராத ஆள் என்று ஒருத்தர் இருக்கலாமா? பைக்குள் கையை விட்டு இன்னொரு முட்டையை எடுத்தார். லாம்பெர்ட்டின் மேசை விளிம்பிலேயே தட்டி உடைத்து, அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார். தெருப்பக்கத்து ஜன்னலை விரியத் திறந்தார். அங்கே வந்து உட்கார்ந்திருந்த புறாக்கள், அவர் வாயைத் திறக்கும் முன்பே பறந்துவிட்டன.