வெள்ளைக் கப்பலில் நான் வரைந்த துரு

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நீங்களாகக் கண்டுபிடிக்கும் சிரமம் வேண்டாம். தொண்ணூறுகளில், கடலே இல்லாத மைசூரில், நீச்சல்கூடத் தெரியாத நான் அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் கடலோரக் காவல்படைக் கப்பல்களின் மாடல்கள் செய்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு வசந்தா அக்காவின் கணவர் அந்தப் படையில் இருந்து, கடலிலேயே இறந்துபோனவர். அவருடைய கப்பலின் போட்டோவைக் கொடுத்து, "இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடு தம்பி" என்றார் அக்கா.

செய்தேன். நிஜம்போலத் தெரிய வேண்டுமென்று, நங்கூரத்துக்குக் கீழே துரு வழிந்ததுபோல் பழுப்புக் கோடுகளும் இழுத்தேன். மாடல் செய்கிறவர்களுக்கு இந்த அழுக்கில்தான் பெருமை.

அக்கா அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"துரு அக்கா! தத்ரூபமா இருக்குதில்ல?" என்று இளித்தேன்.

"துருவைச் சுரண்டி பெயிண்ட் அடிக்கறதுதான் தம்பி அங்க அவர் வேலை. லீவுக்கு வந்தாக்கூட நகக்கண்ணுல வெள்ளை இருக்கும். இப்படி விட்டிருப்பாரா?"

அக்கா அழவில்லை. ஒரு மனிதரின் ஆயுள் உழைப்பை நான் சின்னத் தூரிகையால் அழித்திருந்தேன்.

"நாளைக்கே வெள்ளை அடிச்சுத் தர்றேன் அக்கா" என்றேன்.

"பிரஷ்ஷைக் குடு."