சக்கரத்துக்கும் அடித்த பச்சை

ஒரு சாண் நீளப் பொம்மை இன்ஜின் ஒரு மனிதனை இந்தப் பாடு படுத்துமா என்று கேட்பவர்கள், இங்கிலாந்தின் பெல்பர் ஊரில் ஹ்யூபர்ட்டின் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரின் மாதிரி ரயில் கிளப்பில் உறுப்பினர் என்று பெயர்தான். வருஷா வருஷம் கண்காட்சியில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் டீ போடும் வேலை. கிளப்பின் தண்டவாளத்தில் 1950களின் ரயில் நிறமான பச்சையில் உள்ள இன்ஜின்தான் ஓடலாம். அவரிடம் இருந்த ஒரே இன்ஜினோ தக்காளிச் சிவப்பு.

இந்தச் சனிக்கிழமைக் கண்காட்சியில் ரயில் ஓட்ட அவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் இன்ஜினைப் பச்சையாக்கினால் ஓட்டலாம். இல்லையென்றால் அந்த நேரமும் செயலாளர் லையனலுக்குத்தான்.

பழைய பெயிண்டைக் கழற்றத் தனி ரசாயனமெல்லாம் பென்ஷனில் கட்டுப்படியாகுமா? கிளப்காரர்கள் செய்வதுபோல, காயத்துக்குப் போடும் கிருமிநாசினியில் இன்ஜினை ஊறவைத்தார், மனைவி ஈனிட் ஆப்பிள் பை என்ற பலகாரம் சுடும் பாத்திரத்தில். சிவப்பு அழகாகக் கழன்றது. அலசுவதற்கும் அதே திரவம்தான் வேண்டும், தண்ணீர் ஆகவே ஆகாது. தெரியாதவரா அவர்? பாட்டில் காலி, இன்னொன்றுக்குக் காசை அழ மனசு வரவில்லை. குழாயைத் திறந்தார். கழன்ற பெயிண்ட் அத்தனையும் தார் மாதிரித் திரண்டு இன்ஜினிலும் தொட்டியிலும் அப்பிக்கொண்டது.

"ஏன் மனுஷா, இது வீடா ஆஸ்பத்திரியா? ஞாயித்துக்கெழம பையை எதுல சுடுறதாம், உன் தலைலயா?"

"கொஞ்சம் பொறு ஈனிட், இப்ப சரியாயிடும்."

"திங்கக்கெழமைலேருந்து இதத்தான் சொல்ற. கையில வச்சுத் தேய்க்கிறியே, அது என் பல் பிரஷ்தானே?"

அவளுடையதுதான்.

ஒருவழியாகச் சுரண்டி முடித்து, தோட்டக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சையைப் பூசினார். காய்வதற்கு, வெந்நீர்த் தொட்டியின் சூட்டில் துணி உலர்த்தும் அலமாரியில் வைத்தார். அங்கே அடுக்கியிருந்த துண்டுகளும் பச்சையாயின. ஈனிட் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியில் போட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

சனிக்கிழமை லையனல் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். "பச்சை கொஞ்சம் தூக்கல்தான். சரி, பரவால்ல, ஓட்டுங்க."

ஹ்யூபர்ட் விசையைத் திருகினார். இன்ஜின் அசையவில்லை. இன்னும் திருகினார். ஊஹூம். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் சக்கரத்தின் விளிம்பு வழியாகத்தான் ஏற வேண்டும். அந்த விளிம்புக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார் மகானுபாவர்! வெட்கத்தில் காது சிவந்துவிட்டது.

"அப்ப நான் என்னோடத எடுத்து வைக்கட்டுமா?" என்றார் லையனல்.

"தொட்டீங்கன்னா தெரியும்!" கூட்டத்தை இடித்துக்கொண்டு ஈனிட் வந்தாள். "ஒரு வாரமா என் வீட்டை நாறடிச்சது ஓடாம நிக்கிறதுக்கா? நகருங்க." கைப்பையிலிருந்து நகம் ராவும் அரத்தை எடுத்து, முணுமுணுத்துக்கொண்டே சக்கரம் சக்கரமாகச் சுரண்டினாள். அதிலேயே அரை மணியில் முக்கால்வாசி போய்விட்டது. விசையையும் அவளே திருகினாள்.

இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. நிலையத்தைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, முழுச் சுற்று வந்தது. ஹ்யூபர்ட் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.

"மேல குனிஞ்சு அழாத, தண்டவாளம் நனையுது," என்றாள்.

லையனல் கடிகாரத்தைக் காட்டினார். "மேடம், நேரம் முடிஞ்சுது."

ஈனிட் விசையிலிருந்து கையை எடுக்கவில்லை. "இன்னும் ஒரு சுத்து," என்றாள்.