காகத்துக்கு வைத்த சோறு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புலம்பெயர்ந்து வந்து, கோலியர்ஸ் வுட் என்ற ஆங்கிலேயப் புறநகரில் நான்காம் மாடி பிளாட்டில் இருந்தோம். ஒரு வசந்தத்தில், பால்கனியில் வெறுமையாகக் கிடந்த பூப்பெட்டியில் ஒரு வல்லூறு நான்கு முட்டைகள் இட்டது. நானும் மனைவியும் யன்னல் திரைக்குப் பின்னால் நின்று அதைப் பார்ப்போம். அது பயந்துவிடும் என்று பால்கனியில் உடுப்புக் காயப்போடுவதைக்கூட நிறுத்தியிருந்தோம்.

அப்போது சித்திரைப் பறுவம், சித்திரை மாதத்து முழுநிலா நாள், வந்தது. தாயை இழந்தவர்கள் பிடிக்கும் விரதம். யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்தபின் எனக்கு அதுதான் முதலாவது. செத்தவீட்டுக்கே போக முடியாதவன், இதையாவது குறையில்லாமல் செய்ய நினைத்தேன். காகத்துக்குச் சோறு வைக்கப் பால்கனிக் கதவைத் திறந்தேன்.

“அது அடைகாக்குதப்பா. கீழ கொண்டுபோய் வையுங்கோவன்,” என்றாள் மனைவி.

“அது தன்ரபாட்டில இருக்கும். நான் மற்றப் பக்கத்திலதான் வைக்கிறன்.”

ஒரு காகம் வந்து சோற்றை எடுத்தது. அம்மாவே வந்ததுபோல் மனம் நிறைந்து, உள்ளே போய்ச் சாப்பிட அமர்ந்தேன். வெளியே கூச்சல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஐந்தாறு காகங்கள். வல்லூறு ஒரு காகத்தைத் துரத்த, மற்றவை பெட்டிக்குள் இறங்கின. நான் விரட்டியபோது முட்டைக் கோதுகள்தான் மிச்சம்.

இரண்டு நாள் அந்தப் பறவை வெறும் பெட்டியில் வந்து குந்தியிருந்தது. பிறகு வரவேயில்லை.

இப்போது பறுவத்துக்குச் சோற்றைத் தூரத்துப் பூங்காவில் கொண்டுபோய் வைக்கிறேன். அம்மாவை நினைத்துத்தான் வைக்கிறேன். காகம் வந்து எடுக்கும்போது, வெறும் பெட்டியில் குந்தியிருந்த அந்தத் தாய்தான் கண்ணுக்குள் வருகிறது.